புரோட்டா ஆம்லெட் ரெண்டு

"ஒரே செய்தியைப் படிக்க எனக்கு ரெண்டு கண்ணு இருக்கு. ரெண்டு மெஷின் எதுக்கு?" என்று முதலாளி சாலிம் உருதுவில் கேட்டார்.

கம்ப்யூட்டர்காரன் கிறிஸ்துதாஸ் எதிரே நின்றான். முதலாளியின் வலது கையில் டெலக்ஸ் மெஷின் அடித்த காகிதம். இடது கையில் புதுக் கம்ப்யூட்டர் அடித்த காகிதம். வலது கையில் இருந்ததே இடது கையிலும் இருந்தது, கப்பல்காரன் விட்ட எழுத்துப் பிழை உட்பட.

"இதுல மேல நாலு எழுத்து கூட அடிச்சிருக்கு," என்று முதலாளி இடது கையை உயர்த்தினார். "இந்த நாலு எழுத்துக்காகவா மஸ்கட்லேர்ந்து லாரி வச்சு ஏத்திட்டு வந்தோம்?"

"இன்னைக்குத்தான் முதல் நாள், அர்பாப். நாளைக்குச் சரியாயிரும்." அங்கே முதலாளியை எல்லோரும் அர்பாப் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நாளைக்கா?"

"இன்ஷா அல்லாஹ்."

"அது நான் சொல்ல வேண்டிய வார்த்தை. நீ எத்தனை மணிக்குன்னு சொல்லு."

கிறிஸ்துதாஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். முதலாளி இரண்டு காகிதத்தையும் அவன் மேஜையில் போட்டுவிட்டு, போகிற போக்கில் சொன்னார்: "வியாழக்கிழமை துறைமுகத்திலேர்ந்து ஆள் வர்றாங்க, மெஷினைப் பார்க்க. அவங்க முன்னாடி ஓடினா, அன்னைக்கே உன் பாஸ்போர்ட்டைக் கையில தர்றேன். ஓடலேன்னா மாஃபி பாஸ்போர்ட். பெட்டியிலேயே இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை ஊருக்கு விமானம். டிக்கெட் வாங்கியாகிவிட்டது.

சலாலாவுக்குப் பக்கத்தில் ரைசூத் துறைமுகம். அங்கே வரும் கப்பல்களுக்கு அரிசி, முட்டை, கயிறு, பெயின்ட், உயிரோடு ஆடு என்று எது கேட்டாலும் கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனி அது. கப்பல்கள் நடுக்கடலில் வரும்போதே டெலக்ஸில் ஆர்டர் கொடுத்துவிடும். செய்தி காகிதத்தில் அச்சாகும்போதே, கூடவே ஒரு நாடாவிலும் ஓட்டை ஓட்டையாய்ப் பதியும். டெலக்ஸ் ஆபரேட்டர் அம்பலவாணர் அந்த நாடாவை எடுத்துக் கம்ப்யூட்டரில் ஓட்டுவார். பிறகு கிறிஸ்துதாஸ் எழுதிய புரோகிராமின் வேலை. அது செய்தியைச் சொல் சொல்லாக வெட்டி, இது கப்பல் பெயர், இது எண்ணிக்கை, இது சாமான் என்று பிரித்து, கோத்துப் புரிந்துகொண்டு, ஒரு டெலிவரி சீட்டை அடித்துத் தள்ளும். டிரைவர் கார்மேகம் சீட்டில் உள்ளதை ஏற்றிக்கொண்டு துறைமுகம் போவான். மூன்று வருஷமாக இப்படித்தான் சக்கரம் உருண்டது.

இதில் வெட்டுகிற பகுதியைக் கிறிஸ்துதாஸ் சொந்தமாக எழுதவில்லை. அதற்கென்று லெக்ஸ் என்று ஒரு கருவி இருந்தது. இப்படி இப்படி வெட்ட வேண்டும் என்று விதிகளை மட்டும் எழுதிக் கொடுத்தால், வெட்டுகிற புரோகிராமை அதுவே எழுதித் தந்துவிடும். இந்த வருஷம் கரீஃப் என்கிற மழைக்காலத் தூறல் தொடங்கி, ஊரெல்லாம் பச்சை பிடித்து, சுவரெல்லாம் ஈரம் ஊறியபோது பழைய மெஷின் ஒரு முனகலோடு உயிரை விட்டது. புது மெஷின் வந்தது. அதில் லெக்ஸ் இல்லை. ஃப்ளெக்ஸ் என்று ஒன்று இருந்தது.

மெஷினைக் கொண்டுவந்து வைத்த பத்மநாபனுக்கு மஸ்கட்டுக்குப் போன் போட்டான்.

"பேர்ல ஓரெழுத்துதான் சார் கூட. மத்தபடி ரெண்டும் ஒண்ணுதான். அண்ணன் தம்பி மாதிரி," என்றார் பத்மநாபன்.

"அண்ணன் தம்பின்னா ஒண்ணா? எனக்கும் எங்க அண்ணனுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது சார்."

"உங்க குடும்பத்தை விடுங்க. பழைய விதியெல்லாம் அப்படியே போடுங்க, ஓடும்."

அப்படியே போட்டுத்தான் இந்த லட்சணம்.

"என்ன தம்பி, பத்மநாபன் என்னவாம்?" என்று பக்கத்து மேஜையிலிருந்து அம்பலவாணர் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நாடாவை விரல் நுனியாலேயே வாசிக்கிற மனிதர்.

"எல்லாம் ஒண்ணுதாங்கார், ஐயா. ஆனா மெஷினுக்குச் செய்தி எங்க தொடங்குதுன்னே தெரியல. தொடக்கம் தெரியாததால எதையும் வெட்டாம, வந்ததை வந்தபடி கக்குது."

"தொடக்கத்துக்குத்தான் அந்த இசட்சி இசட்சி இருக்கெல்லோ?"

இருந்தது. ZCZC என்று நாலு எழுத்து. டெலக்ஸ் உலகத்தில் 'இங்கே செய்தி தொடங்குகிறது' என்பதற்கு அடையாளம் அதுதான் என்று கிறிஸ்துதாஸ் படித்த புத்தகத்தில் போட்டிருந்தது. அதை வைத்துத்தான் புரோகிராமையே கட்டியிருந்தான்.

"இருக்கு ஐயா. மூணு வருஷத்துல ஒரு செய்திகூட அது இல்லாம வந்ததில்ல."

"வராமல் விடுவனே," என்று அம்பலவாணர் நாடாவைச் சுருட்டினார்.

வீட்டில் அவன் மனைவி லீமா சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். மேட்ரனிடம் கெஞ்சி லீவு வாங்கியிருந்தாள். தங்கை சுகிர்தராணிக்குக் கல்யாணம். தகப்பன் இல்லாத பிள்ளை. மணப்பாடு கோயிலில் பீடம் வரைக்கும் கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டியவன் மூத்த மருமகன் கிறிஸ்துதாஸ்.

"பாஸ்போர்ட் வந்துட்டா?" என்றாள்.

"வரும்."

"எப்பம் வரும்?"

"மெஷின் ஓடினா வரும்."

"மெஷின் எப்பம் ஓடும்?"

"ஏட்டி, நீயும் அர்பாப்பும் ஒரே பள்ளிக்கூடமா?"

லீமா சேலையைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணும் கேக்கல. நீங்க வராட்டி பரவாயில்ல. ஞானையா மாமா இருக்காவ. நாலு மாசம் முன்னாலயே கோட்டு தச்சு வச்சிட்டு, யாருக்காவது காய்ச்சல் வராதான்னு பாத்துட்டு இருக்காவளாம்."

ஞானையா மாமா என்ற பேரைக் கேட்டதும் கிறிஸ்துதாஸ் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். அவன் கல்யாணத்தில், கூட்டம் நிறைந்த பந்தலில், "மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல வேலையாம். அது என்ன, சைக்கிள் கடை மாதிரியா?" என்று கேட்ட வாய் அது.

"நான்தான் கூட்டிட்டுப் போவேன்," என்றான்.

"மெஷின்கிட்ட சொல்லுங்க அத."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வழி கண்டுபிடித்தான். தொடக்கக் குறி தெரியவில்லை என்றால் அந்தக் குறியை நம்பி ஏன் இருக்க வேண்டும்? ஒவ்வொரு வரி தொடங்கும் இடத்தையும் தொடக்கமாக வைத்துக்கொள் என்று விதியை மாற்றினான். பிரிண்டர் இரைந்தது. சீட்டு சீட்டாக வந்து விழுந்தது. கிறிஸ்துதாஸ் நிம்மதியாக ஒரு சுலைமானி டீ குடித்தான்.

பத்து மணிக்குக் கார்மேகம் வந்து நின்றான். இராமநாதபுரத்துக்காரன். கையில் ஒரு கத்தைச் சீட்டு. சட்டை மழையில் நனைந்து ஒட்டியிருந்தது.

"அண்ணே, 'குட் மார்னிங்'ங்கிற கப்பல் எந்த பெர்த்துல நிக்குது?"

"என்ன கப்பல்?"

"குட் மார்னிங். சாமான் ஒண்ணும் போடல. அதுக்கடுத்து, 'மெனி தேங்ஸ்'னு ஒரு கப்பல். அதுவும் காலி. துறைமுகம் முழுக்கச் சுத்திட்டேன்ணே. கேட்டுக்குக் கேட்டு சிரிக்கிறானுங்க."

"ஏம்ப்பா, குட் மார்னிங்னு ஒரு கப்பல் இருக்குமான்னு யோசிக்க மாட்டியா?"

"போன வருஷம் யோசிச்சேன்ணே. சீட்டுல சோப்பு நானூறுன்னு இருந்துச்சு, நாப்பதாத்தான் இருக்கும்னு நாப்பது ஏத்துனேன். நீங்க என்ன சொன்னீங்க? 'மெஷினைவிட நீ புத்திசாலியா? சீட்டுல என்ன இருக்கோ அதை மட்டும் செய்'னீங்க. அன்னையிலேர்ந்து யோசிக்கிறத விட்டுட்டேன்."

சொன்னது உண்மைதான். கிறிஸ்துதாஸ் சீட்டுகளை வாங்கிக் கிழித்தான்.

தொடக்கம் வேலைக்கு ஆகவில்லை. சரி, முடிவைப் பிடிப்போம். ஒவ்வொரு செய்தியும் NNNN என்று நாலு எழுத்தில் முடியும். அதை இந்த ஃப்ளெக்ஸ் ஒழுங்காகக் கண்டுபிடித்தது. அதனால் திங்கட்கிழமை விதியை மறுபடி மாற்றினான்: NNNN வரும் வரைக்கும் என்ன வந்தாலும் அது ஒரே செய்தி.

ஒன்றை மறந்துவிட்டான். இந்தக் கருவிகளுக்கு, அண்ணனுக்கும் தம்பிக்கும், ஒரு பேராசை உண்டு. எவ்வளவு நீளமாக வெட்ட முடியுமோ அவ்வளவு நீளமாகத்தான் வெட்டும். முதல் NNNN-இல் நிற்காமல், அடுத்ததையும் அதற்கடுத்ததையும் விழுங்கி, அன்று காலை வந்த கடைசி NNNN-இல் போய்த்தான் நின்றது. மூன்று கப்பலின் ஆர்டரும் ஒரே செய்தி. ஒரே சீட்டு. முதல் கப்பலின் பெயரில்.

அந்த முதல் கப்பல், பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுக்கிற குட்டி இழுவைப் படகு. பல்பு ஒரு பெட்டி கேட்டிருந்தது.

பகல் ஒரு மணிக்குக் கார்மேகம் வந்தான். இந்த முறை முகத்தில் திருப்தி இருந்தது.

"எல்லாம் இறக்கியாச்சுண்ணே."

"எல்லாமும்னா?"

"சீட்டுல இருந்த மாதிரியே. பல்பு ஒரு பெட்டி, அரிசி நாப்பது மூட்டை, ஆடு பன்னெண்டு. அந்தப் படகுல ஆறே பேருதான். கேப்டன் கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொன்னாரு. எனக்கு அவர் பாஷை புரியல. நானும் கையை ஆட்டுனேன்."

"ஆட்டை எங்கய்யா நிறுத்தின?"

"நாலு முன்னாடி, நாலு பின்னாடி. மூணு சமையலறையில. ஒண்ணு கேப்டன் ரூமுக்குள்ள போயிருச்சு. அது வரமாட்டேன்னுருச்சுண்ணே."

அம்பலவாணர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "அப்ப, ஆடு கேட்ட கப்பலுக்கு என்ன போச்சு?"

"அந்தப் பேருல சீட்டே வரலையே ஐயா," என்றான் கார்மேகம்.

ஆட்டை இறக்கிக் கொண்டுவந்து உரிய கப்பலில் சேர்க்க மறுநாள் மதியம் ஆகிவிட்டது. படகின் கேப்டன் தன் தொப்பியில் பாதியைத்தான் திருப்பிக் காட்டினார். மீதி ஆட்டோடு போயிருந்தது.

அதற்குள் ஆடு கேட்ட கப்பலின் கேப்டன் ஒரு டெலக்ஸ் விட்டார். கோபமான டெலக்ஸ். கிறிஸ்துதாஸ் அன்று காலைதான் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்திருந்தான். தொடக்கமும் வேண்டாம், முடிவும் வேண்டாம், எண் வந்தால் அது அளவு, எண்ணுக்கு அடுத்து வருவது சாமான், அவ்வளவுதான். கேப்டனின் டெலக்ஸும் அந்த விதி வழியாகத்தான் உள்ளே போனது.

கார்மேகம் வாசலில் நின்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னைக்கு என்ன?" என்றான் கிறிஸ்துதாஸ்.

"அண்ணே, 'ஹவர்ஸ்' எந்தக் கோடவுன்ல இருக்கு?"

"என்னது?"

"சாமான் பேரு: ஹவர்ஸ். அளவு: பன்னெண்டு. அந்த ஆட்டுக் கப்பலுக்கு. அவசரம்னு வேற போட்டிருக்கு."

பன்னிரண்டு மணி நேரமாக ஆட்டுக்குக் காத்திருக்கிறேன் என்று கேப்டன் எழுதியிருந்தார்.

முதலாளி சாலிம் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கார்மேகத்தைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். கிறிஸ்துதாஸைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரிப்பது நல்லதற்கில்லை என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

"கிறிஸ்டி பாய், உன் மச்சினிக்கு இங்கேயிருந்தே வாழ்த்துத் தந்தி கொடுத்துடு. நான் என் செலவுல அனுப்புறேன்," என்றார். கதவு சாத்திக்கொண்டது.

"தம்பி, நீராவது போகவர லீவு கேட்கலாம்," என்றார் அம்பலவாணர் மெதுவாக. "நான் கேட்டாப் போதும், 'நீ போனால் நாடா ஆர் ஓட்டுறது' எண்டுவார். என்ரை மகள் திருச்சியிலை இருக்கிறாள். பேரன் பிறந்து, தவண்டு, இப்ப நடக்கவும் தொடங்கிட்டானாம். நான் அவனைப் படத்திலைதான் கண்டனான்."

"உங்களுக்கு லீவு கிடைக்க என்ன வழி ஐயா?"

"நான் ஒருத்தருக்கும் தேவையில்லை எண்டு ஆகவேணும்," என்று சிரித்துவிட்டு நாடாவைப் பார்க்கப் போனார்.

புதன்கிழமை முழுக்கக் கிறிஸ்துதாஸ் திரையைப் பார்த்தபடியே இருந்தான். விதிகளையெல்லாம் பழையபடிக்கே மாற்றியிருந்தான். பழைய மெஷினில் மூன்று வருஷம் ஒரு பிசிறில்லாமல் ஓடிய விதிகள். ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் ZCZC கண்ணெதிரே வந்து நின்றாலும் இந்த மெஷின், தெரியாத ஆளைக் கடந்து போவதுபோல் கடந்து போனது.

சாயங்காலம் லீமா ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வாங்க. வீட்டுல பாத்திரமெல்லாம் கழுவிக் கமத்தியாச்சு. ஓட்டல்ல சாப்பிட்டுட்டுப் போவோம். நாளைக்கு அழுறதுக்குத் தெம்பு வேணும்லா."

சந்தைக்குப் பக்கத்தில் அவர்கள் வழக்கமாகப் போகிற ஓட்டல். வழக்கமாகப் பரிமாறும் மீராசா ஊருக்குப் போயிருந்தார். புதிதாக ஒருவர், தோளில் துண்டும் காதில் பென்சிலுமாக வந்து நின்றார்.

"புரோட்டா ஆம்லெட் ரெண்டு," என்றாள் லீமா. எத்தனையோ மாதமாக மீராசாவிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை.

வந்தது. ஒரு தட்டுப் புரோட்டா. இரண்டு ஆம்லெட்.

லீமா தட்டைப் பார்த்தாள். புதியவரைப் பார்த்தாள். "அண்ணாச்சி, நாங்க எத்தன பேரு உக்காந்திருக்கோம்?"

"ரெண்டு பேரு."

"புரோட்டா எத்தன தட்டு வந்திருக்கு?"

"ஒண்ணு."

"ஏன்?"

"நீங்கதானேம்மா சொன்னீங்க. புரோட்டா. ஆம்லெட் ரெண்டு."

"புரோட்டா ஆம்லெட்டுன்னா ரெண்டும் சேர்த்துத்தான. அது ரெண்டு. மீராசா அண்ணன் இருந்தா ரெண்டு புரோட்டா, ரெண்டு ஆம்லெட் வந்திருக்கும்."

"அது மீராசா கணக்கும்மா. ரெண்டுன்னா எனக்கு அதுக்கு முன்னாடி கடைசியாச் சொன்னது மட்டும்தான் ரெண்டு."

கிறிஸ்துதாஸ் எழுந்து நின்றான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றான்.

புதியவர் ஓரடி பின்னால் போனார். "இன்னொரு தட்டுக் கொண்டு வந்துடறேன் சார். இதுக்கு ஏன் எந்திரிக்கணும்?"

"இல்ல, இல்ல. நீங்க சொன்னதுதான் சரி. நீங்கதான் ஃப்ளெக்ஸ்."

"சார், நான் திருவாடானை."

லீமா அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "என்ன செய்யுதிய? ஆளுகளெல்லாம் பாக்காங்க."

"லீமா, கேளு. ZCZC-ன்னு நான் நேரா எழுதல. ZC-ன்னு எழுதி, பக்கத்துல வளைவுக்குள்ள ஒரு ரெண்டு போட்டேன். ZC ரெண்டு தடவைன்னு அர்த்தம். பழைய லெக்ஸ் மீராசா மாதிரி. ரெண்டையும் சேர்த்து ரெண்டு தடவைன்னு எடுத்துக்கிட்டுது. இது இந்த அண்ணாச்சி மாதிரி. கடைசி எழுத்து மட்டும் ரெண்டுன்னு எடுத்துக்கிட்டு, ஒரு Z, ரெண்டு C வருமான்னு அஞ்சு நாளா வாசல்ல காத்துக்கிட்டு நிக்குது. அது எப்படி வரும்? ZC-யைச் சுத்தி ஒரு அடைப்புப் போட்டா, ரெண்டும் ஒண்ணுன்னு புரிஞ்சுக்கும். அவ்வளவுதான்."

லீமா விரலை மடக்கி எண்ணினாள்.

"அப்பம், மொத்தமே நாலு எழுத்துதான?"

"ஆமா."

"அந்த நாலையும் நேரா எழுதிப் போட்டிருந்தா?"

"எழுதியிருக்கலாம்."

"பின்ன ஏன் எழுதல?"

"அது... இப்படி எழுதினாத்தான் பாக்க அழகா இருக்கும்."

"அழகு," என்றாள் லீமா. அவன் ஆம்லெட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "போங்க, போய் அடைப்பப் போடுங்க. ஞானையா மாமா கோட்டுக்கு இஸ்திரி போட்டுட்டு இருப்பாவ."

வியாழக்கிழமை துறைமுகத்து ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். காவா காப்பி குடித்தார்கள், பேரீச்சம்பழம் சாப்பிட்டார்கள். அம்பலவாணர் அன்று வந்த நாடாக்களை வரிசையாக ஓட்டினார். மெஷின் வெட்டியது. பிரித்தது. கோத்தது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சீட்டு, ஒவ்வொரு சீட்டிலும் அந்தந்தச் சாமான். ஆட்டுக்காரக் கேப்டன் நன்றி சொல்லி அனுப்பியிருந்த டெலக்ஸைக்கூட, சாமான் எதுவும் இல்லை என்று சரியாகப் புரிந்துகொண்டு பேசாமல் இருந்தது.

கார்மேகம் சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தான். "அண்ணே, எல்லாம் சாமான்தாண்ணே," என்றான் ஆச்சரியத்தோடு.

முதலாளி துறைமுகத்து ஆட்கள் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "இந்த மெஷின் தானாவே படிச்சுக்குமா, கிறிஸ்டி பாய்?"

அஞ்சு நாள் பட்ட அவமானத்துக்கெல்லாம் சேர்த்துக் கிறிஸ்துதாஸ் பதில் சொன்னான். "தானாவே படிக்கும், அர்பாப். டெலக்ஸ் வந்தாப் போதும். மனுஷன் கையே பட வேண்டாம்."

"மனுஷன் கையே பட வேண்டாமா?"

"வேண்டாம்."

"நிச்சயமா?"

"எழுதியே தர்றேன்."

முதலாளி தலையாட்டினார். இரும்புப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து, எல்லோரும் பார்க்க அவன் கையில் கொடுத்தார். "யல்லா. போய் மச்சினியைக் கரையேத்து. திரும்பி வரும்போது அல்வா கொண்டு வா."

வெள்ளிக்கிழமை காலை சலாலா விமான நிலையத்தில் தூறல் கண்ணாடிச் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. கிறிஸ்துதாஸ் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்து, ஞானையா மாமாவிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை மனசுக்குள் வெட்டிப் பிரித்துக் கோத்துக்கொண்டிருந்தான். லீமா சாம்பிராணிப் பொட்டலங்களை மறுபடியும் எண்ணினாள். மஸ்கட் விமானத்துக்கு எல்லோரும் வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள்.

"தம்பி."

திரும்பினான். அம்பலவாணர். கோட்டு, பவுடர், கையில் ஒரு பெரிய பை. பைக்குள்ளிருந்து ஒரு பொம்மை லாரியின் சக்கரம் எட்டிப் பார்த்தது.

"ஐயா, நீங்க எங்க இங்க?"

"திருச்சிக்குத்தான். நீர் செய்த புண்ணியம்." அவர் கிறிஸ்துதாஸின் கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். "மனிசன் கை படத் தேவையில்லை எண்டு நீர் அவையளுக்கு முன்னாலை சொன்னீரெல்லோ. நீர் வெளிக்கிட்ட உடனை முதலாளி என்னைக் கூப்பிட்டார். 'அப்ப நீ என்னத்துக்கு இங்கை குந்தியிருக்கிறாய், போய்ப் பேரனைப் பார்' எண்டு பாஸ்போர்ட்டை எடுத்துத் தந்திட்டார்."

"கேக்கவே சந்தோஷமா இருக்கு ஐயா," என்றாள் லீமா.

"ஓம் பிள்ளை. பத்மநாபன் நேற்றுப் பின்னேரப் பிளேனிலை வந்து, டெலக்ஸ் லைனை நேரா மெஷினிலை பூட்டிப்போட்டுப் போயிட்டார். இனி நாடாவும் இல்லை, நானும் இல்லை. லைனிலை வாறது அப்பிடியே உள்ளை போகும்."

வரிசை நகர்ந்தது. கிறிஸ்துதாஸ் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டான். பெருமையாக இருந்தது. ஒரு அடைப்புக்குறி இரண்டு குடும்பத்தை ஊருக்கு அனுப்புகிறது.

"கவலையே படாதீங்க ஐயா. லைன்ல இசட்சி இசட்சின்னு வந்தாப் போதும். மெஷின் கப்புன்னு பிடிச்சுக்கும். நாம திரும்பி வர்ற வரைக்கும் ஒரு சீட்டு தப்பாது."

அம்பலவாணர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவனைப் பார்த்தார்.

"அது எங்கை தம்பி லைனிலை வாறது? எந்தக் கப்பல்காரன் அதெல்லாம் அடிக்கிறான்? முதல் நாள் நீர் வேணும் எண்டு கேட்டபடியாலை, இந்த மூண்டு வருசமும் ஒவ்வொரு நாடாவிலையும் தலைக்கும் வாலுக்கும் நானெல்லோ அடிச்சு ஒட்டினனான்."